பெங்களூரு வீட்டுத் தோட்டத்தில் பேனிக்கிள் ஹைட்ரேஞ்சா: வாங்குவது முதல் கவாத்து வரை

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வந்தவர்களுக்கு ஹைட்ரேஞ்சா புதிய பூ இல்லை. வேலியோரமாக நீலமும் ரோஸும் கலந்து பந்து பந்தாகப் பூத்துக் கிடப்பது அதுதான். தாவரவியலில் அதற்கு ஹைட்ரேஞ்சா மேக்ரோஃபில்லா என்று பெயர். இந்தக் கட்டுரை அதன் தங்கையைப் பற்றியது. பேனிக்கிள் ஹைட்ரேஞ்சா என்று அழைக்கப்படும் இந்தச் செடியின் பூங்கொத்து உருண்டையாக இருக்காது. கூம்பு வடிவில் நீண்டு, முதலில் இளம்பச்சையாகவோ வெள்ளையாகவோ விரிந்து, நாள் ஆக ஆக ரோஸ் நிறத்துக்கு மாறும். பூர்வீகம் ஜப்பான், சீனா, கொரியா பக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குளிர் நாட்டுச் செடி. உறைபனியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மூன்று நான்கு மாதம் தூங்கி, வசந்தத்தில் துளிர்க்கும் வழக்கம் உள்ளது. நம் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிட நமக்கு எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் ஜனவரி இரவுகளே இங்கே 15 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. செடி தூங்குவதற்கு அந்தக் குளிர் போதாது. அதனால் அதற்குக் காலக்கணக்கு குழம்பிப் போகும். ஒரு கிளை துளிர்க்கும், ஒரு கிளை பழைய இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பூ எப்போது வரும் என்று செடிக்கே தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு நம் கையில் இருக்கும் முக்கியமான வழி கவாத்து. வருடத்துக்கு ஒரு தடவை, சரியான நேரத்தில், தைரியமாக வெட்டுவது. வெளிநாட்டு வீடியோக்களில் கவாத்து என்பது செடியின் உருவத்தை அழகாக்கும் வேலை. இங்கே அதைவிடப் பெரிய காரணம் அதற்கு உண்டு.

தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். திராட்சையும் குளிரில் இலை கொட்டும் கொடிதான். இங்கே அது தானாக உறங்காது. விவசாயி கவாத்து செய்யும்போதுதான் கொடி புதுக் கணக்கு தொடங்கிப் பூவுக்கு வரும். நம் தொட்டிச் செடிக்கும் அதே தர்க்கம்தான்.

வாங்கும்போது இலையைப் பாருங்கள்

லால்பாக் பக்கத்து நர்சரிகளிலும் சித்தாபுரா வரிசைக் கடைகளிலும் ஹைட்ரேஞ்சா என்று கேட்டால் பெரும்பாலும் உருண்டைப் பூ வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் ஸார், கலர் மட்டும் வேற" என்றும் சொல்வார்கள். ஒன்று இல்லை. இரண்டுக்கும் கவாத்து முறை நேர் எதிர் என்பதால் இதில் ஏமாந்தால் வருடக்கணக்கில் பூவே பார்க்க முடியாது.

தொட்டியில் சொருகியிருக்கும் படத்தை நம்பாதீர்கள். இலையைப் பாருங்கள். உருண்டை வகையின் இலை உள்ளங்கை அளவுக்குப் பெரிது, தடிமன், மேல்பக்கம் பளபளப்பு, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். பேனிக்கிள் இலை அதைவிட மெல்லியது, நுனி கூரியது, தடவினால் லேசாகச் சொரசொரப்பு தெரியும். தண்டை மெதுவாகத் திருப்பிக் கணுக்களை எண்ணிப் பாருங்கள். பல கணுக்களில் மூன்று இலைகள் வட்டமாகக் கிளம்பியிருக்கும். அப்படி மூன்று இலைக் கணு ஒன்று கண்ணில் பட்டாலே அது பேனிக்கிள் என்று நம்பி வாங்கலாம். தண்டும் உருண்டை வகையைப் போலப் பச்சையாகச் சதைப்பற்றோடு இருக்காது. செம்பழுப்பாகக் கட்டை மாதிரி இருக்கும்.

ரகங்களில் லைம்லைட் மிகப் பிரபலம். ஆனால் அது ஆறு முதல் எட்டடி வரை வளரக்கூடியது, மண்ணில் வைக்க இடம் இருப்பவர்களுக்குத்தான் சரி. பால்கனி, மாடித் தோட்டம் என்றால் போபோ அல்லது லிட்டில் லைம் தேடுங்கள். போபோ மூன்றடிக்குள் அடங்கிவிடும். எது கிடைத்தாலும், உயரமான ஒற்றைத் தண்டுச் செடியைவிட அடியிலிருந்தே மூன்று தண்டுகள் கிளம்பிய குட்டைச் செடியை எடுங்கள். தொட்டியின் அடித்துளை வழியாக வேர் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

வாங்க நல்ல சமயம் ஜூன், ஜூலை. தூறல் மழையும் மூடிய வானமும் இருக்கும் அந்த மாதங்களில் புதுச்செடி வேர் பிடிக்க எட்டு பத்து வாரம் கிடைக்கும். மார்ச் மாதம் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இடம், தொட்டி, மண்

காலை வெயில் நான்கைந்து மணி நேரம், மதியம் ஒரு மணிக்குப் பிறகு நிழல். கிழக்குப் பார்த்த பால்கனிக்கு இணை எதுவும் இல்லை. மேற்குப் பார்த்த சுவரோரம் வைத்தால் சுவர் உள்வாங்கிய சூடு இரவு வரை செடியை வாட்டும். 2016 ஏப்ரலில் நம் ஊர் 39.2 டிகிரி வரை தொட்டது. அந்த மாதிரி நாட்களுக்காக ஐம்பது சதவீத நிழல்வலை ஒரு துண்டு வீட்டில் இருக்கட்டும். முழு நிழலும் ஆகாது. இலை செழிப்பாக வரும், பூ வராது.

தொட்டி குறைந்தது பதினாறு அங்குல வாய் இருக்க வேண்டும். மண் தொட்டியாக இருந்தால் வேருக்குக் குளிர்ச்சி, ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சூடேறி வேரை வேகவைத்துவிடும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மண்கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு தடவையாவது அலசிப் பிழிந்து கலக்குங்கள், அதில் உப்பு இருக்கும். தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்துக்குள் அடித்துளையில் வடிய வேண்டும். மேலே தேங்கி நின்றால் ஆற்றுமணலோ பெர்லைட்டோ சேர்த்து இளக்குங்கள். தண்டின் அடிப்பகுதி நர்சரிப் பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். கழுத்து வரை மண் மூடினால் அழுகல் வரும்.

தண்ணீர்

ஹைட்ரேஞ்சா நிறையக் குடிக்கும் செடி, இதை மறைப்பதில் பயனில்லை. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, தோட்டத்துக்குக் குடிநீர் பயன்படுத்தினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. ஆகவே ஒரு வீட்டில் ஒன்று அல்லது இரண்டு செடி போதும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள், கோடையிலும் ஒரு செடிக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். உப்பு போட்ட தண்ணீரும் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரும் வேண்டாம். போர்வெல் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். கடினத் தண்ணீரால் மண்ணின் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. மழைக்காலத்தில் தொட்டியை ஓரிரு நாள் திறந்த மழையில் நனையவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

மதியம் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய் ஊற்றாதீர்கள். வெயில் உச்சியில் வேர் இழுக்கும் வேகத்தைவிட இலை வழியாக நீர் வெளியேறும் வேகம் அதிகம், அவ்வளவுதான். சாயங்காலம் மீண்டும் நிமிர்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை. சந்தேகமாக இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். மார்ச் முதல் மே வரை தினமும் காலையில், மழைக்காலத்தில் விரல் சொல்கிறபடி. மேல்மண்ணில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போட்டால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும்.

கவாத்து

பேனிக்கிள் ஹைட்ரேஞ்சா அந்த வருடம் புதிதாக முளைக்கும் தண்டின் நுனியில்தான் பூக்கும். அதனால் பழைய தண்டை வெட்டினால் பூ போய்விடுமே என்ற பயம் தேவையில்லை. வெட்டினால்தான் புதுத்தண்டு, புதுத்தண்டில்தான் பூ. ஊட்டி உருண்டை வகை அப்படி இல்லை. இரவு வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்கும் வாரங்களில், அதாவது இங்கே கார்த்திகை, மார்கழி வாக்கில், அது தன் பழைய தண்டின் நுனியிலேயே அடுத்த பூவுக்கான அரும்பை உள்ளுக்குள் உருவாக்கி வைத்துக்கொள்ளும். தை மாதம் அதை வெட்டினால் அந்த வருடப் பூ மொத்தமும் குப்பையில். அதற்குப் பூத்து முடிந்த உடனே, வாடிய கொத்துக்குக் கீழே உள்ள முதல் தடித்த அரும்பு ஜோடிக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும். இரண்டும் வீட்டில் இருந்தால் தொட்டியில் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

சரி, இனி பேனிக்கிள் மட்டும். இதற்கான தயாரிப்பு செப்டம்பர் கடைசியிலேயே தொடங்குகிறது. அப்போதிருந்து உரத்தை நிறுத்துங்கள். மார்கழி பிறந்ததும் தண்ணீரையும் குறைத்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். செடியைக் காயப்போடச் சொல்லவில்லை, வளர்ச்சியை மெதுவாக்கச் சொல்கிறேன். கொஞ்சம் இலை மஞ்சளாகி உதிரும். உதிரட்டும்.

கவாத்துக்கு நாள், பொங்கல் முடிந்து தை மாதக் கடைசிக்குள். லால்பாக்கில் குடியரசு தின மலர்க்காட்சி நடக்கும் வாரம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். சாலையோர டபேபூயா மரங்கள் ரோஸ் நிறத்தில் பூக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதற்கு முன் வெட்டினால் குளிரில் தளிர் சோம்பிக் கிடக்கும். மாசி பாதிக்கு மேல் தள்ளிப்போட்டால் இளந்தளிர் நேராகக் கடும் வெயிலில் மாட்டும்.

கூர்மையான கவாத்துக் கத்தரி ஒன்று வேண்டும். வீட்டுக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். வெட்டுவதற்கு முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச இலைகளையெல்லாம் காம்போடு கிள்ளி எடுப்பது. கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தால் அடியில் இருக்கும் அரும்பும் சேர்ந்து வரும், அதனால் காம்பை நறுக்கிவிடுவது நல்லது. இலை போன பிறகு செடியின் எலும்புக்கூடு தெரியும், எதை வைப்பது எதை எடுப்பது என்பதும் தெளிவாகும். அடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமான தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாகக் காய்ந்திருந்தால் பச்சை வரும் இடம் வரை கீழே இறங்கி வெட்டுங்கள்.

பிறகு பென்சிலைவிட மெலிந்த குச்சிகளை அடியோடு எடுங்கள். அவை பூவைத் தாங்காது. உள்நோக்கி வளர்வது, ஒன்றையொன்று உரசுவது, இவையும் அடியோடு போகட்டும். ஐந்து முதல் ஏழு உறுதியான தண்டுகள் மிஞ்சினால் போதும், சின்ன ரகத்துக்கு நான்கே போதும்.

இப்போது ஒவ்வொரு தண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து கீழே பார்த்து வந்தால் ஓரிடத்தில் நிறம் மாறும். மேலே செம்பழுப்பாக வழவழப்பாக இருப்பது போன வருடத் தண்டு. கீழே சாம்பல் நிறத்தில் தோல் லேசாக உரிவது அதற்கும் முந்தைய கட்டை. அந்த எல்லையிலிருந்து மேலே இரண்டு அல்லது மூன்று கணு விட்டு மீதியை வெட்டுங்கள். வெட்டு கணுவுக்கு மேலே அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அதிகம் விட்டால் அந்தத் துண்டு காய்ந்து உள்ளே அழுகல் இறங்கும், ஒட்டி வெட்டினால் அரும்பு அடிபடும். மேல்கணுவின் அரும்பு வெளிப்பக்கம் பார்த்திருந்தால் புதுக்கிளையும் வெளிப்பக்கம் விரியும், செடிக்குள் காற்று ஓடும்.

மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்திருக்கும். அதற்கு மேல் வெட்டலாமா என்றால், வெட்டலாம், செடி சாகாது. கொத்துகள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருக்கும், ஆனால் அதைத் தாங்கும் தண்டு நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும், மழையில் தலை சாயும். மழை அடித்துப் பெய்யும் ஊரில் எனக்கு நடுத்தரக் கவாத்துதான் பிடிக்கும். நட்டு முதல் இரண்டு வருடம் வெறும் நுனியும் மெலிந்த குச்சியும் எடுத்தால் போதும், அடிக்கட்டை உறுதியாகட்டும்.

வெட்டி முடித்ததும் மேல்மண்ணை ஒரு அங்குலம் கிளறி, இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் எலும்புத்தூளும் போட்டு, அடித்துளையில் வடியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். குறைத்து வைத்திருந்த தண்ணீர் திடீரென்று நிறையக் கிடைப்பதும் செடியைத் துளிர்க்கத் தூண்டும்.

துளிர்த்த பிறகு

தளிர்கள் விரல் நீளம் வந்ததும் ஒரு கணுவில் இரண்டுக்கு மேல் இருந்தால் மெலிந்ததைக் கிள்ளிவிடுங்கள். பங்குனிக்குப் பிறகு எந்த நுனியையும் கிள்ளக் கூடாது. பூ வரப்போவதே அந்த நுனியில்தான். அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்க நறுக்கிக்கொண்டே இருப்பதுதான் பூ வராமல் போவதற்குப் பெரிய காரணம். செடி அழகாக இல்லையே என்று கை பரபரக்கும், விட்டுவிடுங்கள்.

தழைச்சத்து அதிகமுள்ள உரம் இலையைத்தான் வளர்க்கும். ஏப்ரலில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை மண்புழு உரமும் கொஞ்சம் சாம்பல்சத்தும் கொடுத்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடி மழையோடு ஆலங்கட்டி விழும் நாட்கள் உண்டு. தொட்டியை உள்ளே இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், அல்லது தண்டுகளைத் தளர்வாகச் சேர்த்து ஒரு மூங்கில் குச்சியில் கட்டுங்கள். மழை நின்றதும் நனைந்த கொத்துகளை லேசாக உதறிவிட்டால் தண்டு ஒடியாமல் தப்பிக்கும்.

நிறத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். படிகாரம், காபித்தூள் சக்கை, துருப்பிடித்த ஆணி என்று எதைப் போட்டாலும் பேனிக்கிள் நீலமாகாது. அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாவது உருண்டை வகையின் குணம். பேனிக்கிள் ரோஸாவது குளிர்ந்த இரவுகளால். நம் ஆடி, ஆவணி இரவுகள் வெளிநாட்டு இலையுதிர் காலம்போலக் குளிராது, அதனால் படத்தில் இருக்கும் அழுத்தமான ரோஸை எதிர்பார்க்காதீர்கள். இளம்பச்சை, வெள்ளை, பிறகு விளிம்பில் மெல்லிய ரோஸ், கடைசியில் காகிதம் மாதிரி காய்ந்த பழுப்பு. காகிதப் பதத்துக்கு வந்ததும் நீளமான காம்போடு வெட்டித் தண்ணீர் இல்லாத ஜாடியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

பூச்சி விஷயத்தில் கோடையில் செம்பேனைக் கவனியுங்கள். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தெரியும். அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி போகும். மாவுப்பூச்சிக்கும் சேர்த்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். மழைக்காலத்தில் இலைப்புள்ளி வந்தால் அந்த இலைகளைப் பறித்து வெளியே போடுங்கள். வீட்டில் நாயோ பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் செடி எட்டாத இடத்தில் இருக்கட்டும். இலையும் மொட்டும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

இன்னொரு செடி வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் பூ வராத பச்சைத் தண்டில் நான்கைந்து அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்து, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, நார்க்கழிவும் மணலும் கலந்த ஈரக் கலவையில் ஊன்றுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பை கவிழ்த்து நிழலில் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். தாழ்ந்த கிளை இருந்தால் பதியன் போடுவது இன்னும் சுலபம்.

பூக்காவிட்டால்

இரண்டாவது கவாத்துக்குப் பிறகும் பூ வரவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்டு நீளமாக, கணுவுக்குக் கணு இடைவெளி அதிகமாக இருந்தால் வெயில் போதவில்லை. இலை கரும்பச்சையாக, பெரிதாக, தளதளவென்று இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. நுனியெல்லாம் வெட்டுப்பட்ட தழும்போடு இருந்தால் வீட்டில் யாரோ இடையில் கத்தரி வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் இல்லை, தளிர் மட்டும் சோர்ந்து சோர்ந்து வருகிறது என்றால், அந்தச் செடிக்கு நம் ஊர்க் குளிர் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த மார்கழியில் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு, இரவுக்காற்று படும் திறந்த மாடிக்குத் தொட்டியை நகர்த்தி இன்னொரு வருடம் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் குன்னூரிலோ குடகிலோ ஏற்காட்டிலோ இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தச் செடியைக் கொடுத்துவிட்டு, அதே தொட்டியில் உருண்டை வகையை வையுங்கள். நம் ஊர்க் குளிர் அதற்குப் பெரும்பாலும் போதும்.